சனிக்கிழமை கடை உண்டா?

"சனிக்கிழமை கடை உண்டுங்களா?" என்று கேட்டுவிட்டு வெர்லீன் ஹோஸ்டெட்லர் தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்கிறார். மறுமுனையில் இருப்பவர் மிசௌரிப் பக்கம் ஏதோ ஒரு சிற்றூரில் முடிவெட்டுகிறவர். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் வெர்லீன் ஒரு சூரியகாந்தி விதையைப் பல்லிடுக்கில் உடைத்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பியாகிவிட்டது. "நாள் பூரா உண்டா? மத்தியானம் ஒரு மணி, ரெண்டு மணிக்குக்கூடவா? கூட்டம் வருமா? அடப் பாவமே, உக்காரக்கூட நேரம் கிடைக்காதே உங்களுக்கு. சரிங்க, ரொம்ப சந்தோஷம்." தொலைபேசியை வைக்கும்போது அவர் முகத்தில் உண்மையாகவே சந்தோஷம் தெரிகிறது. அந்த ஊர்க் கல்லூரியின் பெயரை மஞ்சள் சீட்டில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டுகிறார்.

முடி வெட்டிக்கொள்ள யாரும் நானூறு மைல் போவதில்லை. வெர்லீன் தன் முடியைத் தானே சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்கிறவர், பார்த்தாலே தெரியும். அவர் அறைக்கதவில் 'பெல்நாப் ஸ்டேட் பல்கலைக்கழகம், இந்தியானா, விளையாட்டுத் துறை, துணை இயக்குநர்' என்று எழுதியிருக்கிறது. உண்மையில் செய்கிற வேலை, எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு எதிராளி பிடித்துத் தருவது. கல்யாணத் தரகர் வேலைதான் இதுவும். தரகர் நல்ல இடமாகப் பார்ப்பார், வெர்லீன் நோஞ்சான் இடமாகப் பார்க்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

நோஞ்சானைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு சூத்திரம் உண்டு. புள்ளிவிவரம் பார்க்க மாட்டார். பயிற்சியாளரிடம் பேச மாட்டார். "கோச்சைக் கேட்டா ஒரு பொய் சொல்லுவான், பேப்பர்காரனைக் கேட்டா ரெண்டு பொய் சொல்லுவான். ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை மத்தியானத்துல எவன் கடையில கத்திரி ஓயாம ஓடுதோ, அந்த ஊர்ல ஃபுட்பால் செத்துப்போச்சு. எவன் கடையச் சாத்திட்டு மைதானத்துக்கு ஓடுறானோ, அந்த ஊர் பக்கமே தலை வெச்சுப் படுக்காத." புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் பாடம் இது. சிரிப்பார்கள். இரண்டு வருடம் கழித்து அவர்களும் முடிதிருத்தும் கடைகளின் எண்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வெர்லீனுக்கு அறுபது தாண்டிவிட்டது. டிக்கெட் கூண்டுக்குள் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்த பெண், படிப்படியாக ஏறி இந்த அறைக்கு வந்தவர். வெள்ளிக்கிழமை மதியம் அவரைத் தேடினால் லிங்கன் தெரு உணவகத்தில் இருப்பார். ரொட்டிக்கு வெளியே நாலு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பொரித்த பன்றிக்கறியை ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றிக் கடித்து, ரொட்டி வரும்போது வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். ரொட்டிக்கும் சேர்த்துத்தானே காசு என்று யாரோ கேட்டதற்கு, "ரொட்டி கைல பிடிச்சுக்கிறதுக்குக் கண்ணு" என்றாராம். ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோருமே அவருக்குக் கண்ணுதான்.

அவர் தொழிலின் ஐந்தொகை இப்படி. செப்டம்பரில் எங்கள் பையன்களைப் பேருந்தில் ஏற்றி, லட்சம் பேர் உட்காரும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பிவைப்பார். அங்கே அவர்கள் வயிறார அடி வாங்குவார்கள். அடிக்குக் கூலியாகப் பத்து லட்சம் டாலருக்குக் குறையாமல் வரும். அதில்தான் எங்கள் நீச்சல்காரர்களுக்குத் தண்ணீரும் கைப்பந்துப் பெண்களுக்குப் பேருந்தும். மிச்சத்தில் கொஞ்சம் கிள்ளி எங்களைவிட எளிய கல்லூரி ஒன்றுக்குக் கொடுத்து, எங்கள் மைதானத்துக்கு வரவழைத்து, எங்கள் கையால் அடி வாங்கவைப்பார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்களே, ஒரு கல்லூரி முழுவதற்கும் அந்த ஆசை இருக்கிறது. மீசையில் ஒட்டாமல் கூழ் ஊற்றுகிற பொறுப்பு வெர்லீனுடையது.

வருகைக் கணக்கும் அவருடைய இலாகாதான். 'இன்று வந்திருப்போர் பத்தொன்பதாயிரம்' என்று ஒலிபெருக்கி சொல்லும்போது, விற்ற சீட்டு, இனாமாகப் போன சீட்டு, மளிகைக்கடையில் பால் வாங்கியவர்களுக்குக் கொடுத்த சீட்டு எல்லாம் அதில் அடக்கம். கண்ணுக்குத் தெரிகிற தலைகள் அதில் பாதிகூட இராது. உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் ஒருத்தி மிச்சப் பேர் எங்கே என்று கேட்டுவிட்டாள். வெர்லீன் இமைக்காமல் சொன்னார்: "கழிப்பறை வரிசையில நிக்கிறாங்க கண்ணு."

அக்டோபரில் வரும் ஹோம்கமிங் சனிக்கிழமை மட்டும் அப்படியில்லை. பழைய மாணவர்கள் எங்கெங்கிருந்தோ மனைவி மக்களோடு வந்து இறங்குவார்கள். முதன்மைத் தெருவில் பழைய டிராக்டர்களும் அலங்கார வண்டிகளும் ஊர்வலம் போகும். வாகனம் நிறுத்தும் இடமெல்லாம் அடுப்புப் புகையாக இருக்கும். அன்றைக்குத் தோற்கக் கூடாது. தோற்றால் கல்யாண வீட்டில் இழவு விழுந்த மாதிரி. ஆகவே அந்த நாளுக்கென்று எதிராளியைத் தேர்ந்தெடுக்கிறபோது வெர்லீன் மூன்று முடிவெட்டுகிறவர்களையாவது விசாரிப்பார். இன்னொருவருடைய ஹோம்கமிங்குக்குக் கூப்பிடப்படுவது எவ்வளவு பெரிய அவமானம் என்பது விளையாடுகிற எல்லோருக்கும் தெரியும். மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் ஆட்டுக்குக்கூட விஷயம் புரிந்துவிடும். ஒரு வருடம் எங்களையே இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் ஹோம்கமிங்குக்குப் பிடித்துவிட்டன. பையன்களின் அம்மாக்கள் தொலைபேசியில் வெர்லீனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார், நாமும் ஒருவருக்குச் செய்கிறோம் அல்லவா என்று.

வெர்லீன் பிடித்த ஆடு ஹோம்கமிங்கில் முட்டியதே இல்லை. அவர் இந்த அறைக்கு வந்த நாள் முதல் எல்லா ஹோம்கமிங்கிலும் வெற்றிதான், அதுவும் முப்பது நாற்பது புள்ளி வித்தியாசத்தில். தன்னைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே சங்கதி அது.

ஆனால் அந்த வெற்றியிலேயே அவருக்கு ஒரு முள் உண்டு. இடைவேளையில் முப்பத்தைந்துக்குப் பூஜ்யம் என்று பலகை காட்டினால் எவன் உட்காருவான்? கூட்டம் எழுந்து அடுப்புக்கும் பியருக்கும் போகும், போனது திரும்பாது. ஆட்டத்தின் நான்காவது, கடைசிப் பாகம் தொடங்கும்போது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அலுமினிய பெஞ்சுகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருக்கும். பாண்டு வாத்தியக்காரர்கள் அவற்றுக்குத்தான் வாசித்துக்கொண்டிருப்பார்கள். பார்த்துப் பார்த்துப் பந்தி வைத்த வீட்டில் பாயசத்துக்கு ஆள் இல்லாமல் போனால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும் வெர்லீனுக்கு. கூட்டத்தைக் கூட்டியதும் அவர்தான், அது கலைந்துபோகும்படி எதிராளியைத் தேர்ந்ததும் அவர்தான். யாரை நோவது?

அதனால் அவரும் இருக்க மாட்டார். மூன்றாம் பாகம் முடிந்ததும் கைப்பையிலிருந்து சாவிக்கொத்து வெளியே வரும். வண்டிச்சாவியோடு மைதானத்துக் கதவுகள், டிக்கெட் கூண்டு, புல்வெட்டும் எந்திரக் கொட்டகை எல்லாவற்றின் சாவியும் சேர்ந்து ஒரு தேங்காய் கனம் இருக்கும் கொத்து. பக்கத்து இருக்கை ஹெர்ஷல் க்ரூஸுடையது. மக்காச்சோள விதை விற்று ஓய்வுபெற்றவர், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருக்கும் மனிதர். சாவிச் சத்தம் கேட்டதும் ஹெர்ஷல் திரும்பிப் பார்க்காமலே முழங்கால்களை ஒருபக்கமாக ஒதுக்கி வழிவிடுவார். "கிளம்பியாச்சா?" என்பார். "ட்ராஃபிக் வந்துரும்" என்பார் வெர்லீன். இரண்டு பேருக்கும் இடையே பல வருடங்களாக இவ்வளவுதான் பேச்சு. ட்ராஃபிக் ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

சாவிக்கு எங்கள் ஊரில் வேறொரு உபயோகமும் உண்டு. எதிரணி பந்தை உதைக்கத் தயாராகும்போது மாணவர்கள் ஆளுக்கொரு சாவிக்கொத்தை எடுத்துத் தலைக்கு மேல் ஆட்டி ஓசை எழுப்புவார்கள், உதைப்பவன் மனம் கலையட்டும் என்று. வெர்லீனுக்கு அது அறவே பிடிக்காது. "சாவி வண்டிக்கு. ஆட்டிட்டே இருந்தா வளையம் விட்டுரும்" என்று முன்வரிசைப் பையன்களைப் பெயர் சொல்லி அதட்டியிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் சென்ற வருடம் கோல்ட்டரில் மாட்டிக்கொண்டார்.

எங்கள் வழக்கப்படி ஆட்டங்களை ஏழெட்டு வருடம் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும். இன்று கையெழுத்துப் போடுகிற ஆட்டத்தில் விளையாடப் போகிறவன் இன்று பால்பல் விழுந்து அழுதுகொண்டிருப்பான். கென்டக்கி மலைப்பக்கத்துக் கோல்ட்டர் கல்லூரியை வெர்லீன் அப்படித்தான் பிடித்தார். அன்றைக்குக் கோல்ட்டர் எல்லோரிடமும் தோற்றுக்கொண்டிருந்த இடம். அந்த ஊர் முடிவெட்டுகிறவரும் சனிக்கிழமை நாள் முழுக்கக் கடை உண்டு என்றுதான் சொன்னார். நோஞ்சானை நம்பி வெர்லீன் நிம்மதியாக இருந்துவிட்டார். நாள் நெருங்கி வந்தபோது கோல்ட்டர் ஒரு முழு வருடம் தோற்காமல் ஆடிவிட்டு, அடுத்த செப்டம்பரில் எங்களை வழக்கமாக அடிக்கிற ஒரு பெரிய பல்கலைக்கழகத்தையும் அதன் சொந்த மைதானத்திலேயே போய் அடித்துவிட்டு நின்றது.

பயிற்சியாளர் லமார் கேட்லின் கதவுச் சட்டத்தை அடைத்துக்கொண்டு வந்து நின்றார். வாயில் பல்குத்தி. அவருக்கு அந்த வருடம் ஆறு வெற்றி வேண்டும். ஆறு கிடைத்தால் டிசம்பரில் கூடுதல் ஆட்டத்துக்கு அழைப்பு வரும், வேலையும் தங்கும். அந்த ஆறில் ஹோம்கமிங்கை எப்போதோ எழுதிவைத்துவிட்டார்.

"ஆடு வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புனா புலியப் புடிச்சிட்டு வந்திருக்கீங்க வெர்லீன்."

"புடிக்கிறப்ப ஆடுதான் கோச். எட்டு வருஷமா யாரோ கறி போட்டிருக்காங்க."

கேட்லினுக்குச் சிரிப்பு வரவில்லை. மர்டாக் டெக் என்று ஒரு கல்லூரி, பார்த்தவர்களிடமெல்லாம் ஐம்பது புள்ளியில் தோற்றுக்கொண்டிருந்தது. அதே சனிக்கிழமை அவர்களுக்கு ஆட்டம் ரத்தாகி, கூப்பிட்டால் வருகிறோம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். கோல்ட்டருக்கு நஷ்ட ஈட்டைக் கொடுத்து நிறுத்திவிட்டு மர்டாக்கைக் கூப்பிடுங்கள் என்றார் அவர். என் பிள்ளைகள் இரண்டு பேர் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது பல்குத்தியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

அவர் போன சூட்டோடு பல்கலைக்கழகத் தலைவர் வந்தார், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டையோடு. கோல்ட்டர் ஆட்டத்துக்குச் சீட்டு எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. இனாம் சீட்டில்லை, பால் சீட்டில்லை, காசு கொடுத்து வாங்கியது. டிக்கெட் கூண்டில் 'சீட்டு இல்லை' என்ற பலகையை அவர் இங்கே பதவிக்கு வந்து பார்த்ததேயில்லை. அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். பழைய மாணவர்கள் முன்னால் தோற்றுவிடவும் கூடாது என்றார். இரண்டும் எப்படி முடியும் என்று வெர்லீன் கேட்டதற்கு, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் என்ன சொல்ல, நீங்களே முடிவெடுங்கள் என்று சொல்லிப் பக்குவமாக நழுவிவிட்டார். தோற்றால் வெர்லீன் தலை, மைதானம் காலியானாலும் வெர்லீன் தலை. மர்டாக் கல்லூரிக்கு வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதில் வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் லிங்கன் தெருவுக்குச் சாப்பிடப் போகவில்லை. அது ஒன்றே போதும் துறை முழுக்கக் குசுகுசுவென்று பேச. குழப்பம் வந்தால் மனிதர்கள் பழகிய காரியத்தைச் செய்வார்கள். வெர்லீன் தொலைபேசியை எடுத்து, எட்டு வருடத்துக்கு முந்தைய அந்த எண்ணைச் சுழற்றினார். எல்வின் ட்ராஸ்க் முடிதிருத்தகம், கோல்ட்டர்.

"ஹோம்கமிங் சனிக்கிழமை கடை உண்டுங்களா?" என்று கேட்டார்.

மறுமுனையில் கத்தரிச் சத்தம் நின்றது. "வாங்கம்மா," என்றார் எல்வின். "எட்டு வருஷமா உங்க போனுக்குத்தான் உக்காந்திருக்கேன்."

வெர்லீன் விதையை உடைக்காமல் வாய்க்குள் வைத்துக்கொண்டார். எல்வின் நிதானமாகச் சொல்லிக்கொண்டுபோனார். அன்றைக்கு அவர் கடையில் வேலை அதிகம். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி வைத்தபிறகுதான் உறைத்ததாம். இந்தியானாவிலிருந்து ஒரு பெண்பிள்ளை என் சனிக்கிழமையை எதற்குக் கேட்கிறாள்? எட்டு வருடம் கழித்துப் பெல்நாப்பின் ஹோம்கமிங்கில் கோல்ட்டர் ஆடப் போகிறது என்று அடுத்த மாதமே பத்திரிகையில் வந்ததும் பதில் கிடைத்துவிட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எல்வின் அந்தச் சனிக்கிழமையே கடையைச் சாத்திவிட்டு முதல் தடவையாகத் தன் ஊர்க் கல்லூரி ஆட்டத்துக்குப் போனார்.

"மொத்தமே நூறு பேரு இருந்திருப்பாங்க. பயலுகளப் பாக்கவே பாவமா இருந்துச்சு. அடுத்த வாரத்துலேருந்து கடைக்கு வர்றவன எல்லாம் கேக்க ஆரம்பிச்சேன், ஆட்டத்துக்குப் போனியான்னு. போகலன்னா பாதித் தலதான் வெட்டுவேன். மிச்சத்த ஆட்டம் பாத்துட்டு வந்து வெட்டிக்கன்னு அனுப்பிருவேன். ஒரு வருஷம் ஊருல பாதிப் பேரு பாதித் தலையோடதான் சுத்துனான். பள்ளிக்கூடத்துல நல்லா ஆடுற பயல எவனும் வெளியூருக்கு விடல. என்னத்தச் சொல்றது, உங்க ஒத்த போனு."

மன்னிப்புக் கேட்பதா, நன்றி எதிர்பார்ப்பதா என்பதே வெர்லீனுக்கு விளங்கவில்லை. கடைசியில், பேருந்து பேசியாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

"பேசியாச்சு. ஊரே வருது. நீங்க ஆட்டத்த நிறுத்தப் போறதாவும் காத்துல ஒரு பேச்சு வருது. நிறுத்துங்க, உங்க பாத்தியதை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா, தப்பா நெனைக்காதீங்க. உங்க ஹோம்கமிங்க டிவியில வருஷா வருஷம் பாக்குறேன். கடைசிப் பாகத்துல பெஞ்சு மட்டும்தான் உக்காந்திருக்கு. அவ்வளவு ஜெயிச்சு யாருக்குக் காட்டுறீங்க?"

வெர்லீன் தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடி முழுக்க மஞ்சள் சீட்டுகள், வெளியே மைதானமே தெரியவில்லை. பன்னிரண்டு அடிக்கப் போகும் சமயத்தில் மர்டாக் டெக்கைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் வேண்டாங்க. எங்களுக்கு வேற வரன் அமைஞ்சுருச்சு." பயிற்சியாளரிடமும் அவரே போய்ச் சொன்னார், தொலைபேசியில் சொல்லவில்லை. கேட்லின் அவரை நிமிர்ந்து பார்த்தார், பல்குத்தி இரண்டாக ஒடிந்தது. அதன்பின் நடைபாதையில் எதிர்ப்பட்டால் கேட்லின் தண்ணீர்க் குழாய்க்கு வணக்கம் சொல்வார், துடைப்பக்காரருக்கு வணக்கம் சொல்வார், நடுவில் நடந்துபோகிற வெர்லீனுக்கு மட்டும் சொல்ல மாட்டார்.

ஹோம்கமிங் சனிக்கிழமை காலையிலேயே பச்சைத் தொப்பி போட்ட கூட்டம் பள்ளிக்கூடப் பேருந்துகளில் வந்து இறங்கியது. வெர்லீன் கிழக்கு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் சீப்பு செருகிய ஒல்லியான மனிதர் ஒருவர் அவருக்கு நேரே வந்து நின்று, முகத்தைப் பார்க்காமல் தலையைப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது இது?"

"நான்தான்," என்றார் வெர்லீன்.

"அதான பாத்தேன்." எல்வின் கையை நீட்டினார். "கடைசிப் பாகம் வரைக்கும் இருப்பீங்களாம்மா?"

"எனக்கு ட்ராஃபிக் வந்துரும்," என்றார் வெர்லீன், வாய்ப்பழக்கத்தில்.

அன்றைய ஆட்டத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் முழுதாகச் சொல்லுவார்கள். எனவே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்கள் பையன்கள் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படி ஆடியதில்லை. ஆட்களைப் பார்த்தால்தானே ஆட வரும்? இடைவேளையில் இரு பக்கமும் சமம். அடுப்பு மூட்டிவைத்தவர்கள் கறி கருகட்டும் என்று விட்டுவிட்டுத் திரும்பி ஓடிவந்தார்கள். மூன்றாம் பாகம் முடிந்தபோது ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஒலிபெருக்கி வருகைக் கணக்கை அறிவித்தது. முதல் தடவையாக அது சொன்ன எண்ணும் கண்ணில் தெரிந்த தலையும் ஒத்துப்போயின. கழிப்பறையில் வரிசையே இல்லை. வெர்லீன் எழுந்திருக்கவில்லை என்பதை ஹெர்ஷல் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கம்பளியின் ஒரு பாதியை எடுத்து அவர் மடிமேல் போட்டார்.

கடைசி விநாடிகளில் பெல்நாப் ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பந்து கோல்ட்டர் கையில். அவர்களுக்கு மிச்சமிருந்தது ஒரே வழி, ரொம்ப தூரத்திலிருந்து பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, போனால் மூன்று புள்ளி. மீசைகூட முளைக்காத ஒரு பொடியன் வந்து நின்றான். அவன் உதைத்தான், பந்து உள்ளே போயிற்று, நாங்கள் தோற்றோம். வெர்லீனின் பெருமை அன்றோடு போயிற்று. கேட்லினுக்கு ஆறாவது வெற்றி நவம்பர் கடைசியில் பனிமழையில் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் அவர் வெர்லீனுக்கும் வணக்கம் சொல்லத் தொடங்கினார். அதெல்லாம் பிற்பாடு.

அந்தப் பொடியன் உதைப்பதற்கு முன், மூச்சை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினானே, அந்த நேரத்தில் வெர்லீன் கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். சத்தம் கேட்டதும் ஹெர்ஷல் பழக்கம் விடாமல் முழங்கால்களை ஒதுக்கி வழிவிட்டார். வெர்லீன் அந்த வழியில் போகவில்லை. ஒரு கையால் ஹெர்ஷலின் தோளைப் பிடித்துக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறினார். கம்பளி காலடியில் விழுந்தது. மைதானக் கதவுகளும் டிக்கெட் கூண்டும் கொட்டகையுமாக அந்தத் தேங்காய் கனத்தைத் தலைக்கு மேலே தூக்கி, வளையம் விட்டால் விடட்டும் என்று ஆட்டத் தொடங்கினார்.